எதைப் பொறுத்த கட்டம்?

மென்பொருள் வானொலியைப் பற்றிய அறிமுகப் பாடங்களில் ஒரு கருத்து மீண்டும் மீண்டும் சொல்லப்படுகிறது. இவ்வகை ஏற்பி ஒவ்வொரு கணமும் இரண்டு எண்களைத் தருகிறது. அவ்விரண்டையும் கொண்டு, வந்து சேர்ந்த அலையின் வீச்சையும் கட்டத்தையும் கணக்கிட்டுவிடலாம் என்பதே அது. கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது, முழுமையாகவும் தோன்றுகிறது. மாணவர்களும் அதை அப்படியே எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறார்கள். ஆனால் இக்கருத்தின் முற்பகுதி மெய். பிற்பகுதியோ பாதி மெய்தான். விட்டுப்போன மறுபாதியைச் சொல்லாமல் கட்டத்தை அளக்கப் புறப்படுபவர் எண்களைப் பெறுவார், அளவைப் பெறமாட்டார். (வீச்சும்கூட அளவு திருத்தப்படாத எண்ணே. அதனை வேறொரு கட்டுரைக்கு விட்டுவிடுவோம்.)

முதலில் கருவியை அறிமுகம் செய்துகொள்வோம். பழைய வானொலிப் பெட்டியில் நிலையத்தைப் பிரித்தெடுப்பது, ஒலியைப் பிரித்தெடுப்பது ஆகிய வேலைகளைச் சுருள்களும் மின்தேக்கிகளும் செய்தன. அவ்வேலைகளைக் கணிப்பொறி நிரலிடம் ஒப்படைத்துவிட்டால் அது மென்பொருள் வானொலி. அமெரிக்கரான ஜோசப் மிட்டோலா 1992இல் வெளியிட்ட ஆய்வுரை இக்கருத்தைப் பரவலாக்கியது. ஆயினும் மாணவர் கைக்கு எட்டும் விலையில் அது வந்தது 2012இல்தான். ஐரோப்பிய முறைத் தொலைக்காட்சியைக் கணிப்பொறியில் பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட, கட்டைவிரல் அளவுள்ள யூஎஸ்பி கருவிகள் அப்போது கடைகளில் கிடைத்தன. அவற்றில் உள்ள ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல்2832யூ என்னும் சில்லு, தான் எடுத்த மாதிரிகளை அப்படியே கணிப்பொறிக்கு அனுப்பவும் வல்லது என்பதைச் சில ஆர்வலர்கள் கண்டறிந்தனர். அன்று முதல் அந்தத் தொலைக்காட்சித் துண்டு, ஏறத்தாழ 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை எதையும் கேட்கும் ஏற்பியாகிவிட்டது. ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்பது அதற்கு வழங்கும் பெயர். இயற்பியல் கற்பிக்கும் எங்களைப் போன்றோருக்கு இது பெருங்கொடை என்பதில் ஐயமில்லை. குறை கருவியிடம் இல்லை. அதனிடம் என்ன கேட்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

அந்த இரண்டு எண்கள் எப்படிப் பிறக்கின்றன? ஏற்பிக்குள் ஓர் அலையியற்றி இருக்கிறது. வரும் அலையை அந்த உள் அலையால் பெருக்கி ஓர் எண் பெறப்படுகிறது. அதே உள் அலையைக் கால் சுற்று, அதாவது 90 பாகை, நகர்த்திவைத்து மீண்டும் பெருக்கி இன்னோர் எண் பெறப்படுகிறது. முதலாவதை ஐ என்றும் இரண்டாவதைக் கியூ என்றும் பொறியாளர்கள் அழைக்கின்றனர். ஐ-யைக் கிடையச்சிலும் கியூவைச் செங்குத்தச்சிலும் குறித்தால் ஓர் அம்பு கிடைக்கும். அம்பின் நீளம் வீச்சு; அது கிடையச்சுடன் செய்யும் கோணமே கட்டம் என்று பாடம் முடிந்துவிடுகிறது.

சற்றே நின்று யோசியுங்கள். இரண்டு அலைகளைப் பெருக்கி, விரைவாகத் துடிக்கும் பகுதியை வடிகட்டிவிட்டால் எஞ்சுவது அவற்றின் கட்டங்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு. இது மேல்நிலை வகுப்புத் திரிகோணமிதி. ஆகவே அம்பின் கோணம் வந்த அலையின் கட்டமன்று. வந்த அலையின் கட்டத்திலிருந்து உள் அலையின் கட்டத்தைக் கழித்த மீதி. முகப்பு இல்லாத இரண்டு கடிகாரங்களை எண்ணிக்கொள்ளுங்கள்; எண்கள் இல்லை, நொடிமுள் மட்டும் உண்டு. இரண்டு முட்களுக்கும் இடையே எத்தனை பாகை என்பதை மட்டும் உங்களுக்குச் சொல்கிறார்கள். அதைக் கொண்டு மணி என்னவென்று சொல்ல முடியுமா? ஏற்பி நமக்குத் தருவது இத்தகைய இடைவெளியைத்தான். கழித்தல் ஏற்கெனவே நடந்துவிட்டது. எதைக் கழித்தோம் என்பதைப் பாடம் மறந்துவிடுகிறது.

இந்த மறதியின் வேர் இன்னும் கீழே இருக்கிறது. சீரிசை இயக்கத்தைக் கற்பிக்கும்போது சைன் சார்புக்குள் ஒரு மாறிலியைச் சேர்த்து, அதற்குத் தொடக்கக் கட்டம் என்று பெயரிட்டு நகர்ந்துவிடுகிறோம். நேரத்தைச் சுழி என்று எந்தக் கணத்தில் வைத்தோம் என்பதைப் பொறுத்து அந்த மாறிலி எதுவாகவும் ஆகலாம் என்பதை நாம் அழுத்திச் சொல்வதில்லை. ஊசலைப் பொறுத்தவரை இதனால் கேடில்லை. நிறுத்துகடிகாரத்தை அழுத்தியவர் நாமே. நொடிக்குப் பத்துக் கோடி முறை துடிக்கும் அலையிடம் போகும்போதுதான் இக்கடன் வட்டியோடு திரும்பி வருகிறது.

எவ்வளவு வட்டி என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மேலே சொன்ன சிறு கருவியில் உள் அலையின் அதிர்வெண் 28.8 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகம் ஒன்றிலிருந்து பெறப்படுகிறது. மலிவான படிகம் பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்குகள் பிழைபடுவது இயல்பு. வெப்பநிலை ஈடுசெய்யப்பட்ட நல்ல படிகம் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவில் நிற்கும். அந்த நல்ல படிகத்தையே எடுத்துக்கொள்வோம். 100 மெகாஹெர்ட்ஸில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்பது 100 ஹெர்ட்ஸ். அப்படியானால் அசையாமல் நிற்கும் அலைபரப்பியிலிருந்து, பண்பேற்றம் எதுவுமில்லாத தூய அலை வந்தாலும், நம் அம்பு நொடிக்கு நூறு முறை சுழலும். நொடிக்கு 36,000 பாகை! ஒரு பாகை நகர்வதற்கு அதற்குத் தேவைப்படும் நேரம் ஏறத்தாழ 28 மைக்ரோ நொடி. இந்த நிலையில் "கட்டம் 47.3 பாகை" என்று ஒருவர் எழுதினால், அது எந்த மைக்ரோ நொடியின் கதை என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

படிகம் துல்லியமாகவே இருக்கிறது, அம்பு சுழலாமல் நிற்கிறது என்றே கொள்வோம். அப்போதும் சிக்கல் தீர்வதில்லை. ஏற்பியை வேறொரு நிலையத்துக்குத் திருப்பிவிட்டு மீண்டும் பழைய நிலையத்துக்கு வந்தால், உள் அலையின் அதிர்வெண்ணை அமைக்கும் சுற்று புதிதாகப் பூட்டிக்கொள்கிறது. அதிர்வெண் பழையபடியே இருக்கும். கட்டம் அப்படி இருக்க வேண்டியதில்லை. கருவியை அணைத்து ஏற்றினாலும் இதே கதைதான். நேற்று 47.3 என்று காட்டியது இன்று 211 என்று காட்டும். அலைபரப்பி நகரவில்லை, ஆன்டெனா நகரவில்லை, காற்றும் மாறவில்லை. மாறியது நம் கைக்குள் இருக்கும் முள்.

மாணவர் திட்ட அறிக்கைகளில் இத்தகைய எண்கள் தசமப் புள்ளியுடன் அட்டவணையாக வருவதைப் பார்க்கிறேன். வாய்மொழித் தேர்வில் "இது எதைப் பொறுத்த கட்டம்?" என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம். ஒருவர் இருவர் "சுழியைப் பொறுத்து" என்பார்கள். மாணவரைக் குறை கூறிப் பயனில்லை. அவர் படித்த பாடத்தில் அந்தக் கேள்வியே இல்லை.

எண்கள் நிலையாக நிற்கவில்லை என்றதும் பலரும் பழி சுமத்துவது கருவியின் எட்டுப் பிட் மாற்றியின் மீது. "வெறும் 256 படிகள்தானே, இதில் துல்லியம் எங்கே?" என்று கேட்கிறார்கள். இக்குற்றச்சாட்டை ஏற்க முடியாது. அம்பின் நீளம் 127 படிகள் என்று கொண்டால், படியிடலால் வரும் பிழை சராசரியாகப் படியில் பத்தில் மூன்று பங்கு. அது கோணத்தில் பாகையின் எட்டில் ஒரு பங்கு அளவே. அலை நலிந்து அம்பு இரண்டு மூன்று படிகளாகக் குறுகினால் பிழை ஆறேழு பாகைக்கு உயரும், உண்மைதான். ஆனால் கருவி நொடிக்கு 24 இலட்சம் மாதிரிகள் தருகிறதே! ஒன்றையொன்று சாராத பிழைகள் என்றால் பத்தாயிரம் மாதிரிகளின் சராசரி அப்பிழையை நூறில் ஒரு பங்காக்கிவிடும். படிகளைவிட இரைச்சலே பொருட்படுத்தத் தக்கது. அலையின் திறன் இரைச்சலின் திறனைப்போல் நூறு மடங்காக இருக்கும்போதும் ஒரே மாதிரியின் கோணத்தில் நான்கு பாகை அளவுக்குப் பிழை இருக்கும். அதற்கும் மருந்து சராசரியே.

சராசரி எடுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. 359 பாகை, 1 பாகை ஆகிய இரண்டுக்கும் சராசரி என்ன? கூட்டி இரண்டால் வகுத்தால் 180. முள் ஏறத்தாழ நேர் கிழக்கே காட்டிக்கொண்டிருக்க, நம் கணக்கு மேற்கு என்கிறது! கோணங்களைக் கூட்டக் கூடாது. அம்புகளைக் கூட்ட வேண்டும். அதாவது ஐ-க்களைத் தனியாகவும் கியூக்களைத் தனியாகவும் கூட்டி, இறுதியில் ஒரே ஒரு முறை கோணத்தைக் காண வேண்டும். கலப்பெண்களைத் தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டு மறந்தவர்கள் இவ்விடத்தில் தவறாமல் விழுகிறார்கள்.

இனி, இக்கருவி கட்டத்தை அருமையாக அளக்கும் இடத்தைப் பார்ப்போம். அது நாள்தோறும் செய்யும் வேலைதான்: பண்பலை வானொலியைக் கேட்பது. பண்பலை ஒலிபரப்பில் செய்தி அதிர்வெண்ணில் ஏற்றப்படுகிறது. அதிர்வெண் என்பது கட்டம் மாறும் வேகமன்றி வேறில்லை. ஆகவே நிரல் என்ன செய்கிறது? இப்போதைய அம்பின் கோணத்திலிருந்து முந்தைய மாதிரியின் கோணத்தைக் கழிக்கிறது. அந்த வேறுபாடே ஒலி. நமக்குத் தெரியாத தொடக்கக் கோணம் இரண்டு அம்புகளிலும் ஒரே அளவாக ஒட்டிக்கொண்டிருப்பதால் கழித்தலில் மறைந்துவிடுகிறது. படிகத்தின் பிழையோ, மாறாத ஒரு சிறு எண்ணாக மட்டும் எஞ்சும். அது காதுக்குக் கேட்பதில்லை. நிலையத்தின் பெயரைத் திரையில் காட்டுவதற்காகப் பண்பலையோடு 57 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் அனுப்பப்படும் எண்முறைச் செய்தியிலும் இதே உத்திதான். அங்கே 1, 0 என்பன கட்டத்தால் குறிக்கப்படுவதில்லை; முந்தையதிலிருந்து கட்டம் மாறியதா இல்லையா என்பதால் குறிக்கப்படுகின்றன. இவற்றை வடிவமைத்தவர்கள் ஏற்பியால் தனித்த கட்டத்தை அறிய முடியாது என்பதை நன்கு உணர்ந்திருந்தார்கள். கட்டத்துக்குத் தேவையான துணையை அலையினுள்ளேயே வைத்து அனுப்பினார்கள்.

துணையை நேரத்தில் தேடாமல் இடத்தில் தேடும்போதுதான் தொல்லை. அலை எத்திசையிலிருந்து வருகிறது என்று அறிய இரண்டு ஆன்டெனாக்களை வைத்துக் கட்ட வேறுபாட்டை அளப்பது மாணவர்களுக்கு மிகவும் பிடித்த திட்டம். கொள்கை எளிது. 100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மீட்டர். ஆன்டெனாக்களை 1.5 மீட்டர் இடைவெளியில் நிறுத்தினால், அலை நேர் முன்னாலிருந்து வரும்போது வேறுபாடு சுழி. 30 பாகை சாய்ந்து வந்தால் 90 பாகை. நேர் முன்திசையில் கட்டத்தில் 10 பாகை பிழை நேர்ந்தால் திசையில் ஏறத்தாழ 3 பாகைதான் பிழை. பக்கவாட்டுக்குப் போகப் போகப் பிழை பெருகும். 60 பாகைச் சாய்வில் அது இரண்டு மடங்கு.

காகிதத்தில் இவ்வளவு எளிதான இத்திட்டம், இரண்டு தனித்தனிக் கருவிகளை வாங்கி இரண்டு துளைகளில் செருகியதும் நிலைகுலைகிறது. இரண்டு படிகங்கள், ஒவ்வொன்றும் தன் போக்கில். அவற்றின் வேறுபாடு நொடிக்குப் பல நூறு முறை சுற்றிவரும். சிலர் ஒரு படிகத்தை அகற்றிவிட்டு, மற்றதன் துடிப்பையே இரண்டு கருவிகளுக்கும் கம்பியால் இணைக்கிறார்கள். நல்ல வேலை, தேவையான வேலை. ஆனால் போதாது. இப்போது இரண்டு முட்களும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. அவற்றுக்கிடையே உள்ள நிலையான இடைவெளி என்ன என்பது இன்னும் தெரியாது. அது ஒவ்வொரு முறை நிலையம் மாற்றும்போதும் வேறாகும். மேலும் இரு கருவிகளும் ஒரே மாதிரியிலிருந்து தொடங்குவதில்லை. ஒரு மாதிரி என்பது 417 நானோ நொடி. ஒரே ஒரு மாதிரி முன்பின்னாக இருந்தாலும், பட்டையின் நடுவிலிருந்து 100 கிலோஹெர்ட்ஸ் தள்ளியிருக்கும் அலைக்கு 15 பாகைப் பிழை சேர்ந்துவிடும். தள்ளியிருக்கும் தொலைவு கூடக் கூட இப்பிழையும் கூடும்.

இதனை முறையாகத் தீர்த்துள்ள கருவி ஒன்றைப் பாராட்டியே ஆக வேண்டும். 2022இல் வெளிவந்த கிராக்கன்எஸ்டிஆர் என்பது அது. அதில் இதே வகை ஏற்பிகள் ஐந்து, ஒரே கடிகாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அதைவிட முக்கியமானது உள்ளே இருக்கும் இரைச்சல் மூலம். வேண்டும்போது ஆன்டெனாக்களைத் துண்டித்துவிட்டு, ஒரே இரைச்சலை ஐந்து ஏற்பிகளுக்கும் ஒரே வேளையில் ஊட்டுகிறது. ஐந்தும் கேட்டது ஒன்றே என்பது தெரிந்ததால், ஐந்தின் பதிவுகளிலும் காணும் வேறுபாடு முழுவதும் ஏற்பிகளின் சொந்த வேறுபாடு. அதைக் குறித்துக்கொண்டு கழித்துவிடலாம். மாதிரிகளின் முன்பின்னும் இரைச்சலை ஒப்பிட்டாலே தெரிந்துவிடுகிறது. இரைச்சலை எதிரியாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு அதை அளவுகோலாகப் பயன்படுத்தும் இந்த உத்தி இனிய பாடம்.

இக்கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. வாங்கிய பலர் அதைக் கவனிப்பதில்லை. இரைச்சல் ஊட்டப்படுவது பெட்டிக்குள்ளே. அதற்கு வெளியே உள்ள கேபிள்களும் ஆன்டெனாக்களும் இந்த அளவு திருத்தத்துக்குள் அடங்குவதில்லை. பாலிஎதிலீன் நிரப்பிய சாதாரண கோ-ஆக்சியல் கேபிளில் அலையின் வேகம் ஒளியின் வேகத்தில் 66 விழுக்காடு. 100 மெகாஹெர்ட்ஸில் ஒரு சென்டிமீட்டர் கேபிள் 1.8 பாகைக்குச் சமம். அதிர்வெண் பத்து மடங்கானால் 18 பாகை. மூலையில் கிடந்த கேபிள்களைப் பொறுக்கியெடுத்து மாட்டிவிட்டு, "கருவி திசையைத் தப்பாகக் காட்டுகிறது" என்று சொல்வது முறையாகாது.

ஒரே பெட்டிக்குள் இரைச்சலை ஊட்டித் திருத்தலாம். ஏற்பிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்தால் என்ன செய்வது? இக்கேள்வியை வானொலி வானியலார் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்தார்கள். அவர்கள் கண்ட விடை நம் பாடநூல்களில் இடம்பெறாதது பெருங்குறை என்பது என் கருத்து.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜோட்ரல் பாங்க் நிலையத்தில் 1950களின் தொடக்கத்தில் ஹான்பரி பிரவுன் ஒரு துணிச்சலான வழியை மேற்கொண்டார். தொலைவிலுள்ள இரு ஏற்பிகளின் கட்டங்களை ஒப்பிடுவது கடினம் என்றால் கட்டத்தையே விட்டுவிடுவோம். அலையின் செறிவு கூடிக் குறைவதை மட்டும் இரண்டிடத்திலும் பதிந்து ஒப்பிடுவோம் என்றார். அம்முறையைக் கொண்டு ரோஜர் ஜென்னிசனும், இந்தியரான மிருணாள் குமார் தாஸ் குப்தாவும் 1953இல் சிக்னஸ்-ஏ என்னும் வானொலி மூலம் ஒன்றல்ல, இரண்டு பகுதிகளாக உள்ளது என்று வெளியிட்டனர். பெரும் வெற்றிதான். ஆனால் கட்டத்தை எறிந்துவிட்டதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. செறிவு ஒப்பீட்டிலிருந்து படத்தை வரையும்போது இடமா வலமா, எப்பக்கம் கனத்தது என்பன போன்ற கேள்விகளுக்கு விடை கிடைப்பதில்லை.

ஜென்னிசன் கட்டத்தை மீட்க முனைந்தார். 1958இல் அவர் வெளியிட்ட உத்தி வியக்கத்தக்க அளவுக்கு எளிது: இரண்டு ஏற்பிகள் போதாவிட்டால் மூன்றை வை. அ, ஆ, இ என்று மூன்று நிலையங்கள். ஒவ்வொன்றிலும் நாம் அறியாத கட்டப் பிழை ஒன்று உண்டு. அவை முறையே 40, 110, 250 பாகை என்று வைத்துக்கொள்வோம். வானிலிருந்து உண்மையில் வரும் கட்ட வேறுபாடுகள் அ-ஆ இடையே 20, ஆ-இ இடையே 35, இ-அ இடையே கழித்தல் 25 என்க. இவற்றின் கூட்டல் 30. நாம் அளப்பதோ வேறு எண்கள். அ-ஆ இடையே 20உடன் 40ஐக் கூட்டி 110ஐக் கழிக்க, கழித்தல் 50. ஆ-இ இடையே 35உடன் 110ஐக் கூட்டி 250ஐக் கழிக்க, கழித்தல் 105. இ-அ இடையே கழித்தல் 25உடன் 250ஐக் கூட்டி 40ஐக் கழிக்க, 185. மூன்றுமே உண்மைக்கு வெகு தூரம். ஆனால் மூன்றையும் கூட்டிப் பாருங்கள்: 30! ஒவ்வொரு நிலையத்தின் பிழையும் ஒருமுறை கூட்டலாகவும் ஒருமுறை கழித்தலாகவும் வந்து தன்னைத்தானே அழித்துக்கொண்டது. 40க்குப் பதிலாக எந்த எண்ணை வைத்தாலும் விடை மாறாது. நிலையத்தின் கடிகாரம் எப்படி இருந்தாலும், அதன் தலைக்கு மேலுள்ள காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும் இந்தக் கூட்டுத்தொகை அசையாது.

இலவசமாக எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று கட்டங்கள் அளந்து நம்பத்தக்க ஓர் எண்ணை மட்டுமே பெற்றோம். ஆனால் நிலையங்கள் பெருகினால் இழப்பு குறைகிறது. எட்டு நிலையங்கள் இருந்தால் இணைகள் 28. பிழையற்ற சுயேச்சையான கூட்டுத்தொகைகள் 21. எம்87 விண்மீன் திரளின் நடுவிலுள்ள கருந்துளையின் படத்தைப் பெறுவதற்காக 2017 ஏப்ரலில் எட்டுத் தொலைநோக்கிகளைக் கொண்டு அளவீடுகள் செய்தபோது இந்த முக்கோணக் கூட்டலும் கைகொடுத்தது. படம் 2019 ஏப்ரல் 10 அன்று வெளியானது. அங்கே அலைநீளம் 1.3 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு நான்கு பிக்கோ நொடிக்குச் சற்றே அதிகம். ஒவ்வொரு நிலையத்திலும் ஹைட்ரஜன் மேசர் அணுக்கடிகாரம் இருந்தது. பதிவுகள் வட்டுகளில் ஏற்றப்பட்டு விமானத்தில் வந்தன. அலைகளை ஒப்பிட்டுக் குறுக்கீடு காணும் வேலை பின்னர் கணிப்பொறிகளில் நடந்தது. மென்பொருள் வானொலியின் பேருருவம் என்று அதைச் சொல்லலாம். அந்தப் பதிவுகளில் ஒவ்வொரு மாதிரிக்கும் எத்தனை பிட் தெரியுமா? இரண்டே இரண்டு. நான்கு படிகள்! எட்டுப் பிட் கருவியின் மீது பழி போடுபவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் பணத்தைப் படிகளில் செலவிடவில்லை, கடிகாரத்தில் செலவிட்டார்கள்.

நம் கைப்பேசிகளோடு உறவுடைய ஜிபிஎஸ் துறையிலும் இதே சிந்தனைதான். அதன் முதன்மை அலை 1575.42 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 19 சென்டிமீட்டர். நில அளவையாளர்கள் அவ்வலையின் கட்டத்தையே அளந்து மில்லிமீட்டர் கணக்கில் பேசுகிறார்கள். ஏற்பியிலிருப்பது சாதாரணக் குவார்ட்ஸ். ஆயினும் இரண்டு செயற்கைக்கோள்களின் கட்டங்களை ஒரே ஏற்பியில் கழித்தால் ஏற்பியின் கடிகாரப் பிழை போகிறது. அந்த வேறுபாட்டை இரண்டாவது ஏற்பியின் வேறுபாட்டிலிருந்து மறுபடி கழித்தால் செயற்கைக்கோள்களின் கடிகாரப் பிழையும் போகிறது. முழுச் சுற்றுகள் எத்தனை என்ற புதிர் மட்டும் எஞ்சும்; அதைத் தனியே தீர்க்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்திருக்கும் காலத்தில், அறிமுகப் பாடங்கள் அம்பை வரைந்து கோணத்தைக் குறித்தவுடன் நின்றுவிடுவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? சுருக்கம் கருதி விட்டுவிட்டோம் என்பார்கள். "உள் அலையைப் பொறுத்து" என்ற மூன்று சொற்களைச் சேர்த்தால் எந்தப் பக்கமும் நிறைந்து வழியாது. கட்டத்தைக் குறிப்பிடும் ஒவ்வொரு அட்டவணையின் தலைப்பிலும் எதைப் பொறுத்த கட்டம் என்று எழுத வேண்டும் என நம் செய்முறை ஏடுகளில் விதித்துவிடலாம். அலகு எழுதாத அளவுக்கு மதிப்பெண் கிடையாது என்பதை மாணவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்களே, இதையும் ஏற்றுக்கொள்வார்கள்.

விதியைவிட ஒரு சோதனை நன்றாகக் கற்பிக்கும். ஒரே கடிகாரத்தைப் பகிரும் பல்லேற்பிக் கருவியும், ஓர் ஆன்டெனாவின் அலையை இரண்டாகப் பிரிக்கும் பிரிப்பானும் கிடைக்கும் கல்லூரிகளில் இதனைச் செய்து பார்க்கலாம். 100 மெகாஹெர்ட்ஸுக்கு அருகிலுள்ள ஏதேனும் ஒரு பண்பலை நிலையம் போதும். அலை எப்படித் துடித்தாலும் இரண்டு கிளைகளிலும் ஒன்றுபோலவே துடிக்கும். முதலில் இரு கிளைகளிலும் சம நீளக் கேபிள்களை இணைத்து வேறுபாட்டைக் குறித்துக்கொள்க. நிலையத்தை மாற்றாமல், ஒரு கிளையில் மட்டும் 50 சென்டிமீட்டர் கேபிளைக் கூடுதலாகச் சேர்க்க. 100 மெகாஹெர்ட்ஸ் எனில் வேறுபாடு 91 பாகை மாற வேண்டும். இப்போது அதை எடுத்துவிட்டு 2.48 மீட்டர் கேபிளைச் சேர்த்தால் என்ன வரும்? அதே 91 பாகைதான். இடையில் ஒரு முழுச் சுற்று யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. எது எந்தக் கேபிள் என்று கண்டுபிடிக்க 90 மெகாஹெர்ட்ஸுக்குப் போக வேண்டும். அங்கே சிறிய கேபிள் 82 பாகையும் பெரியது 46 பாகையும் காட்டும். ஆனால் நிலையத்தை மாற்றியவுடன் உள் அலைகளின் கட்டங்கள் மாறியிருக்கும் என்பதை நினைவில் கொண்டு, சம நீளக் கேபிள்களை மாட்டி முதல் அளவீட்டை மறுபடியும் செய்துகொள்ள வேண்டும். மாணவர் அதை மறந்தால் ஆசிரியர் நினைவூட்ட வேண்டாம். கணக்கு ஒத்துவராததைக் கண்டு அவரே திரும்பி வரட்டும்.